நம்ம நெட்டு, எங்க கேமரா

"நெட்டுக்குப் போய் யாராவது வீட்டு ஓனரோட சண்டை போடுவாங்களாப்பா?" என்று தம்பி அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டான். சின்னப்பாப்பா சிரித்தாள். உங்கள் அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்காகப் போட்ட சண்டை அது.

நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வீட்டில் இல்லை. ஒருத்தன் காலேஜில், ஒருத்தி ஸ்கூலில். மாடிப்படியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே என் குரல் ஏறிவிடும், உங்கள் அம்மா "ஆரம்பிச்சிட்டாருடா" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தில் கை வைக்காதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது.

நம் வீட்டுக்கு நெட் வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். வருவது ஒரு வயர். அதைக் குடிக்க மூன்று கம்ப்யூட்டர். அக்காவுடைய லேப்டாப் ஒன்று, தம்பி எங்கேயோ பழசாக வாங்கி வந்து காற்றாடி மாதிரி சத்தம் போடுகிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்று, என் வேன் ஓடுகிற ஸ்கூலில் தள்ளிவிட்டதைக் கேட்டு வாங்கி சின்னப்பாப்பாவுக்குக் கொடுத்தது ஒன்று. நான் அதையும் தண்ணீர் மாதிரியே நினைத்தேன். தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறவனுக்கு வேறு எப்படி நினைக்க வரும்? தொட்டியில் இருப்பது கொஞ்சம், மேல் குழாயில் வர வேண்டுமென்றால் கீழ் குழாயை மூட வேண்டும். அதனால் "அக்கா பேசுறா, நீ மூடு", "தம்பிக்குப் பரீட்சை, நீ மூடு" என்று முறை வைத்தேன். நீங்கள் எல்லாரும் முடித்த பிறகு வைஃபை பெட்டியின் சுவிட்சையும் அணைத்துவிடுவேன். "ஏம்ப்பா அணைக்கிறீங்க?" என்று சின்னப்பாப்பா கேட்டாள். "சும்மா வழிஞ்சு போகுதே" என்றேன். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு வாட்டர்மேன் என்று பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த சுவிட்சுதான் பின்னால் உண்மையைப் பிடித்துக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம் என்று தம்பி கேட்டபோது, நம்ம வீட்டு நெட்டுதானே, 'நம்மவீடு' என்று இங்கிலீஷ் எழுத்தில் போடு என்றேன். அதில் ஒரு வில்லங்கம் வரும் என்று யார் கண்டது?

ஓனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நல்லவர் இல்லை என்று நான் எழுத மாட்டேன். தீபாவளிக்கு உங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறவர்தான். அவர் அப்பா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஊன்றிக்கொண்ட குடும்பம், அரசாங்க ஆபீஸில் பெரிய நாற்காலியில் இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றுக்குள் ஒன்று போய் வரும். கீழ் வீடு அவருடையது, மேல் வீடு நமக்கு வாடகைக்கு. போர் மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டு ஹாலுக்குள், அவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. அவர் போட்டால் நமக்குத் தண்ணீர், போடாவிட்டால் இல்லை. உங்கள் அம்மா அவரைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்து கொண்டு சிரிப்பதற்குக் காரணம் அந்த சுவிட்சுதான்.

ஒரு நாள் மேலே வந்தார். "ஏம்ப்பா டிரைவரே, நெட் போட்டிருக்கியாமே? சும்னே ஒரு தடவை கொடு. பையன் வெளிநாட்டுல இருக்கான், வீடியோ கால் பேசணும். என் போன்ல நிக்க மாட்டேங்குது."

அப்பா பிள்ளை பேசுவதற்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பாஸ்வேர்டைச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். "நம்ம வீடு! பேஷ். நம்ம வீடுன்னு நீயே போட்டிருக்கே பாரு" என்று என் தோளில் தட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாடகைக்கு இருக்கிறவன் நம்ம வீடு என்று சொன்னதை ஓனர் ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம் செய்துகொண்டேன். அவர் வேறு அர்த்தம் செய்துகொண்டார் போல.

அதற்குப் பிறகுதான் பில்டிங்கில் கேமராக்கள் வந்தன. கேட்டில் ஒன்று, கார் நிற்கும் இடத்தில் ஒன்று, படியில் ஒன்று, நம் வாசலைப் பார்த்தபடி ஒன்று. நம் வாசலில் என்ன இருக்கிறது? உங்கள் செருப்பும் என் ஷூவும். "சேஃப்டிப்பா, நம்ம பில்டிங் சேஃப்டி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

சித்தி பிள்ளைகளோடு வந்து தங்கிப் போனாளே, நினைவிருக்கிறதா? மறுநாள் காலையில் நான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓனர் கேட்டில் நின்றபடியே, "நேத்து உங்க வீட்டுக்கு யாரோ பெட்டியோட வந்தாங்களே, நின்னுட்டாங்க போல. காலையில துணி துவைச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. எங்க மோட்டார் எவ்வளவுதான் இறைக்கும்?" என்றார். எல்லாம் போனில் பார்த்திருக்கிறார். சித்தி அதைக் கேட்டுக்கொண்டே படியில் நின்றாள். அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள். "பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்குக்கா" என்றாளாம் அம்மாவிடம். லீவு நாளில் எந்த ஸ்கூல்?

அந்த மாதங்களில்தான் நெட் மெதுவாகப் போனது. அக்கா படிக்கிற வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். தம்பி மேஜையைக் குத்துவான். நான் உங்களைத்தான் திட்டினேன், சின்னப்பாப்பா டான்ஸ் பார்க்கிறாள், தம்பி கேம் ஆடுகிறான் என்று. நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டீர்கள். "நான் இல்லடீ", "நீதான்டா" என்று வீடே சண்டைக்காடு. யாரோ கீழே உட்கார்ந்து உறிஞ்சுவதற்கு என் பிள்ளைகள் என் வீட்டுக்குள் ஒருத்தருக்கு ஒருத்தர் திருடர்களாக இருந்தார்கள்.

இனி அந்த நாள். அக்கா எத்தனை கம்பெனிக்கு எழுதிப் போட்டாள் என்று உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு கம்பெனி கடைசி ரவுண்டு வரைக்கும் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே வீடியோவில் பேச வேண்டும், மத்தியானம். அது கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் அவள் தோழி சொல்லி வைத்திருந்த ஜவுளிக்கடை கேஷ் கவுண்டரில் போய் நிற்பதாக முடிவு செய்திருந்தாள். எனக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும்.

காலை டிரிப் முடித்து நான் வந்தபோது, தோழியை வீடியோவில் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தோழியின் முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு அப்படியே நின்றது. குரல் துண்டு துண்டாக வந்தது. உங்கள் இரண்டு பேருடைய கம்ப்யூட்டரும் அணைந்து கிடக்கிறது. ஓடுவது அவள் லேப்டாப் ஒன்றுதான். யாரைத் திட்டுவது? வீட்டில் திட்டுவதற்கு ஆளே இல்லை. போனில் பேசலாமென்றால் நம் ஹாலில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், பால்கனியில் தொங்கினால்தான் ஒரு கோடு வரும்.

"பெட்டியை அணைச்சுப் போடுங்கப்பா, சரியாகுதா பாப்போம்" என்றாள். என் தொழில்தானே அது. அணைத்தேன்.

உடனே கீழேயிருந்து சத்தம்.

"ஏம்ப்பா டிரைவரே! நம்ம நெட்டு என்னாச்சு? எங்க கேமராவெல்லாம் நின்னு போச்சே!"

நான் சுவிட்சில் வைத்த கையை எடுக்கவே இல்லை. உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

ஒரு தடவைக்கென்று வாங்கின பாஸ்வேர்டில் கேமராவை எல்லாம் சேர்த்திருக்கிறார். ஒரே மூச்சில் சொன்னார் பாருங்கள். மாதாமாதம் நான் கட்டுகிற நெட் 'நம்ம' நெட்டு. அவர் மாட்டிய கேமரா 'எங்க' கேமரா. கன்னடத்தில் இரண்டுக்கும் 'நம்ம' என்று ஒரே வார்த்தைதான், அதில் பேசியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் பேசியது தமிழ். தமிழில் நம்ம என்றால் கேட்கிறவனும் உள்ளே, எங்க என்றால் கேட்கிறவன் வெளியே. பால்வாடிப் பிள்ளைகூட இதை மாற்றிச் சொல்லாது. எங்க மோட்டார், எங்க கேட், எங்க மாடி. நம்ம நெட்டு! இத்தனை நாள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, அன்றைக்குத்தான் மண்டைக்குள் போனது. சித்தி வந்து இறங்கியதையும் துணி காயப்போட்டதையும் அவர் போனுக்குத் தூக்கிக்கொண்டு போனது எது? நம்முடைய வயர். நம்மை நாமே காசு கொடுத்து வேவு பார்த்திருக்கிறோம்.

பெட்டியை மறுபடி போட்டுவிட்டுக் கீழே போனேன். கத்தவில்லை. சத்தியமாக மரியாதையாகத்தான் கேட்டேன்.

"சார், பெரிய பொண்ணுக்கு இன்னைக்கு இன்டர்வியூ. முடியற வரைக்கும் கேமராவை மட்டும் நிறுத்தி வைங்க சார். அப்புறம் போட்டுக்கலாம்."

"கேமராவை நிறுத்தறதா? அந்த நேரம் பாத்து திருடன் வந்தா யார் பொறுப்பு?"

"நானே கேட்டுல நிக்கிறேன் சார். வெயில்ல நிக்கிறேன்."

"நீ நின்னா அதைப் பாக்கறதுக்கும் கேமரா வேணுமேப்பா" என்று சிரித்தார். டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. அதுவும் நம் நெட்டில்தான் வெந்துகொண்டிருந்தது. "இன்டர்வியூதானே, ரெண்டு நிமிஷம் போன்ல பேசச் சொல்லு. இல்லேன்னா நீ இன்னும் பெரிய பிளானா போட்டுக்கோ. சும்னே கிரிகிரி பண்ணாதே."

கன்னடத்தில் கிரிகிரி என்றால் தொந்தரவு. நான் பெரிய பிளான் போட வேண்டுமாம், அவருடைய கேமராவுக்கு! மேலே வந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே வழி, பெட்டியை அணைப்பது. அணைத்தால் அவருக்கும் போகும், என் பெண்ணுக்கும் போகும். அதுதான் என் தண்ணீர்ப் புத்தி. அக்காதான் சொன்னாள், "பாஸ்வேர்டை மாத்திட்டா எல்லாரும் வெளியே போயிடுவாங்கப்பா. புதுசு தெரிஞ்சவங்க மட்டும்தான் உள்ளே வர முடியும்."

"வேணாங்க" என்றாள் அம்மா. "மோட்டார் அவர் வீட்டுல இருக்குது. நாளைக்குத் தண்ணி விடலேன்னா என்ன பண்றது?"

"அவ வேலை போச்சுன்னா என்ன பண்றது?"

அம்மா கரண்டியைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "இருக்கற குடத்தையெல்லாம் இப்பவே ரொப்பிடறேன்" என்று உள்ளே ஓடினாள். உங்கள் அம்மா சம்மதம் சொல்கிற விதம் அது.

"என்னப்பா போடட்டும்?" என்றாள் அக்கா.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "எங்கவீடுன்னு போடு."

போட்டாள். தோழியை மறுபடி கூப்பிட்டாள். தோழியின் முகம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தெளிவாக வந்தது. இத்தனை மாதமாக இப்படி ஓட வேண்டிய நெட்டு இது.

இன்டர்வியூ ஆரம்பித்ததும் நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே மேல்படியில் உட்கார்ந்தேன். அவர் வருவார் என்று தெரியும். வந்தார். கையில் போன், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்.

"ஏம்ப்பா—"

நான் விரலை உதட்டில் வைத்தேன். கதவுக்குப் பின்னால் உங்கள் அக்கா இங்கிலீஷில் பேசுவது கேட்டது. அவர் காதைச் சாய்த்தார். ஆபீஸ் பழக்கமோ என்னவோ, உள்ளே மீட்டிங் நடக்கிற சத்தம் கேட்டதும் அவர் குரல் தானாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் போட்ட சண்டை முழுக்கக் காற்றுக் குரலில்தான்.

"எங்க பில்டிங்ல நான் மெதுவா பேசணுமா?"

"ஆமா சார்."

"நெட்டு என்னாச்சு?"

"ஓடுது சார்."

"என்கிட்ட ஓடலையே. நம்மவீடு போட்டா தப்புங்குது."

"அது மாறிடுச்சு சார்."

"என்ன மாத்தினே?"

"சொல்ல மாட்டேன் சார்."

அவருக்கு முகம் சிவந்தது. "இத்தனை வருஷம் நம்மன்னு பழகினதுக்கு நல்ல மரியாதை."

"நம்ம தானே சார்? அப்ப மோட்டார் நம்ம மோட்டாரா?"

அவர் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சொல்லுங்க சார். நம்ம மோட்டார்னா சுவிட்சை வெளியில வைங்க. நாங்களும் போட்டுக்கறோம். என் மச்சினிச்சி ரெண்டு பக்கெட்டுல துணி துவைச்சதை எண்ணினீங்களே, எதுல எண்ணினீங்க? எங்க நெட்டுல. எங்க வீட்டு வாசலை எங்க நெட்டுலயே பாத்து எங்களையே கேட்டீங்க. அவ பிள்ளைங்களோட அன்னைக்கே போயிட்டா சார்."

"ஏன்ப்பா, அதுக்கும் இதுக்கும் ஏனு சம்பந்த?" கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வரும். காற்றுக் குரலில் அது இன்னும் வேடிக்கையாக இருந்தது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் உள்ளே உங்கள் அக்கா சிரித்தாள். பயந்து சிரிப்பது இல்லை, அவர்கள் ஏதோ சொன்னதற்கு நன்றாகவே சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தோம்.

"இங்கிலீஷ் நல்லா பேசுதே" என்றார்.

பாராட்டுகிறாராம்! கொஞ்ச நேரம் முன்பு அவள் வேலையைவிட அவர் கார் நிற்கிற இடம் முக்கியமாக இருந்தது. எனக்கு இன்னும்தான் ஏறியது. "நிறுத்தச் சொன்னப்ப நிறுத்தியிருந்தா பாஸ்வேர்டை மாத்தியிருக்கவே மாட்டேன் சார். ஒரு மத்தியானம் கேட்டேன். அதுக்கும் கிரிகிரின்னீங்க."

"மோட்டார் விஷயம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறங்கும்போதும் மெதுவாகத்தான் இறங்கினார், செருப்புச் சத்தம் வராமல். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சொன்ன மாதிரியே பார்த்துக்கொண்டார். மோட்டார் ரிப்பேர் என்றார். கீழே அவர் வீட்டுச் செடிக்கு ஹோஸில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, நமக்கு மட்டும் ரிப்பேர். நீங்கள் அரை பக்கெட்டில் குளித்துவிட்டுப் போனீர்களே, தண்ணீர் லாரி வரவில்லை என்று அம்மா சொன்னாளே, அது பொய். காரணம் இதுதான். தம்பி, நீ சிரித்த சண்டைக்கு நம் வீடு கொடுத்த விலை அது. உங்கள் அம்மா எதிர் வீட்டிலிருந்து குடம் குடமாகத் தூக்கினாள், ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து அக்காவுக்கு மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே வேலை. அதை உங்கள் எல்லார் முன்னாலும்தான் படித்துக் காட்டினாள், அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது.

கேமரா இருட்டாகவே இருந்ததால் ஓனர் கடைசியில் சொந்தமாக ஒரு கனெக்‌ஷன் போட்டார். கேமரா மாட்டின ஆள் திரும்ப வரவில்லை. ஓனர் படிக்குக் கீழே நின்று, "ஏம்மா, நம்ம பில்டிங் பொண்ணுக்கு வேலை கிடைச்சுதாமே, சந்தோஷம். கொஞ்சம் கீழே வந்து எங்க கேமராவைப் புது நெட்டுல சேர்த்துக் கொடும்மா" என்று கூப்பிட்டார். இப்போது நம்ம பில்டிங் பொண்ணு!

"போகாதே" என்றேன். அவள் போனாள். நான் படியிலேயே நின்று கேட்டேன்.

"சேர்த்துத் தரேன் அங்கிள். ஆனா எங்க வாசலைப் பாக்கற கேமராவைத் திருப்பிடணும். அது மாடித் தொட்டியைப் பாக்கட்டும். தண்ணி நிரம்பி வழியறது உங்களுக்கும் தெரியும், மோட்டார் ரிப்பேர் ஆகாம இருக்கறது எங்களுக்கும் தெரியும்."

மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "திருப்பிக்கோ" என்றார். அன்று சாயங்காலமே மோட்டார் ரிப்பேர் தானாகச் சரியாகிவிட்டது. எனக்குக் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. கேட்டபோதே செய்திருக்க வேண்டியதை, ஒரு பெண் வேலை வாங்கின பிறகு, தன் காரியம் ஆக வேண்டியிருந்த பிறகு செய்தால் அதற்கு என்ன பெயர்? சித்தி இன்னும் வந்து தங்கவில்லை.

அக்கா மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னடீ என்றால், "பாஸ்வேர்ட் என்ன போடணும் அங்கிள்னு கேட்டேன்ப்பா. கொஞ்ச நேரம் யோசிச்சார். 'எங்கவீடுன்னு போடும்மா'ன்னார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெட்டை எடுத்தது போதாதென்று அந்த வார்த்தையையும் எடுத்துக்கொண்டாரா என்றுதான் தோன்றியது. இப்போது கீழேயும் எங்கவீடு, மேலேயும் எங்கவீடு. அவருக்கு அது தெரியாது. ஒரு நாள் கை தவறி நம் வைஃபை பெயரைத் தொட்டு அவருடைய பாஸ்வேர்டையே குத்தினால், நேராக உள்ளே வந்துவிடுவார்.

அதனால் பிள்ளைகளா, அக்கா நாள் முழுக்க இந்த நெட்டில்தான் வேலை செய்கிறாள். நீங்கள் இதைப் படித்து முடித்ததும், சிரித்து முடித்ததும், முதல் வேலையாக நம்ம பாஸ்வேர்டை மாற்றுங்கள். நம்ம என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். என்ன வைக்கிறீர்கள் என்பதை எனக்கும் சொல்லுங்கள்.